அமீர்பேட்டின் ஆரக்கிள் தாளுக்கு ஓர் உரை

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனத்தைச் சுற்றியும் ஆதித்யா என்க்ளேவ் சந்துகளிலும் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் கணினிப் பாடக்குறிப்புகள் கட்டுக்கட்டாக விற்பனையாகின்றன. ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, தமிழ்நாடு என்று பல பக்கமிருந்தும் வந்து எஸ்.ஆர். நகர் ஹாஸ்டல்களில் தங்கி, காலை ஏழு மணி பேட்சுக்கு ஓடும் பிள்ளைகள் வாங்கும் குறிப்புகள் அவை. ஆரக்கிள் டிபிஏ கோர்ஸ் கட்டுகளில் தவறாமல் வரும் ஒரு பக்கத்தைத்தான் இங்கே மூலமாக எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் சர்வரில் ஆரக்கிளை நிறுவுவதற்கு முன் கெர்னலுக்கும் லாகினுக்கும் செய்ய வேண்டிய மாற்றங்கள் அதில் இருக்கின்றன. பதினாறே வரிகள்.

வரிகள் அமீர்பேட்டில் பிறந்தவை அல்ல. 2009இல் வெளிவந்த ஆரக்கிள் 11ஜி ரிலீஸ் 2இன் நிறுவல் கையேட்டிலிருந்து வந்தவை. கையேட்டில் இந்தப் பட்டியலோடு ஒரு நிபந்தனையும் உண்டு: உங்கள் சர்வரில் ஏற்கெனவே இதைவிடப் பெரிய மதிப்பு இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதாவது இவை குறைந்தபட்ச மதிப்புகள். கையிலிருந்து கைக்கு நகலெடுக்கப்பட்டபோது எண்கள் தப்பின, நிபந்தனை உதிர்ந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த பின் இந்தத் தாளை அப்படியே ஒட்டுகிறவர்களுக்கு வரும் சங்கடங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் வருகிறது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் எண் எங்கிருந்து வந்தது, எது அதற்கு எல்லை, மீறினால் என்ன நடக்கும் என்று சொல்லிச் செல்கிறேன். கணினியில் இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். இங்கே வகுப்பில் உச்சரிக்கிறபடி எழுதுகிறேன்.

மூலம்: எஃப்எஸ்.ஏஐஓ-மேக்ஸ்-என்ஆர் = 1048576

உரை: ஆரக்கிள் வட்டில் எழுதச் சொல்லிவிட்டு அது முடியும்வரை காத்திருப்பதில்லை; கோரிக்கையைக் கெர்னலிடம் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். இப்படி ஒரே நேரத்தில் முன்பதிவு செய்யக்கூடிய கோரிக்கைகளின் மொத்த எண்ணிக்கைதான் இந்த வரி. லினக்ஸ் தானாகத் தருவது 65536. தாள் அதைப் பதினாறு மடங்காக்குகிறது. ஒரே சர்வரில் இரண்டு மூன்று டேட்டாபேஸ்கள் ஓடும் இடங்களில் இது போதாமல் போனால் ஓஆர்ஏ-27090 என்ற பிழை வரும். தற்போது எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதை ப்ராக் அடைவின் சிஸ்/எஃப்எஸ் பகுதியில் ஏஐஓ-என்ஆர் என்ற கோப்பைத் திறந்து பார்க்கலாம். எல்லையைப் பார்க்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. செலவைப் பார்க்கிற பழக்கம் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எல்லைக்குப் பொருள் வரும்.

மூலம்: எஃப்எஸ்.ஃபைல்-மேக்ஸ் = 6815744

உரை: இயந்திரம் முழுவதிலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய ஃபைல்களின் உச்சவரம்பு. விசித்திரமாகத் தெரியும் இந்த எண், 1048576ஐ ஆறரையால் பெருக்கினால் கிடைப்பது. இந்த வரம்பு தீர்ந்தால் வரும் செய்தியும், ஒரு புராசஸ் தன் சொந்த வரம்பைத் தாண்டினால் வரும் செய்தியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதில் மட்டும் ‘சிஸ்டத்தில்’ என்ற சொல் கூடுதலாக வரும். அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் தவறான கோப்பைத் திருத்திக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. சிஸ்டம் என்ற சொல் இருந்தால் இந்த வரியைப் பாருங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் நோஃபைல் வரியைப் பாருங்கள்.

2018 டிசம்பரில் வந்த சிஸ்டம்டி 240ஆம் பதிப்பு முதல் இந்த வரம்பு, பூட் ஆகும்போதே 64 பிட் எண் தாங்கும் உச்சத்துக்கு உயர்த்தப்படுகிறது. அப்படிப்பட்ட புதிய லினக்ஸில் தாளின் இந்த வரியை ஒட்டினால் உயர்வதற்கு எதுவுமில்லை, இருப்பது குறைகிறது. உதிர்ந்துபோன நிபந்தனையின் முதல் விளைவு இது. அடுத்த வரிகளில் இன்னும் கடுமையாக வரும்.

மூலம்: கெர்னல்.எஸ்எச்எம்ஆல் = 2097152
கெர்னல்.எஸ்எச்எம்மேக்ஸ் = 536870912
கெர்னல்.எஸ்எச்எம்எம்என்ஐ = 4096

உரை: இந்தத் தாளில் நின்று படிக்க வேண்டிய இடம் இது. ஆரக்கிளின் எல்லா புராசஸ்களும் எஸ்ஜிஏ என்ற ஒரே பெரிய நினைவகப் பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. டிஸ்கிலிருந்து எடுத்த தரவும், அலசி வைத்த எஸ்கியூஎல்லும் அங்கேதான் கிடக்கும். அந்தப் பரப்பைக் கெர்னலிடம் கேட்டு வாங்கும் முறை யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்தது. அதற்கும் முன்னால் பெல் லேப்ஸின் கொலம்பஸ் கிளையில் 1970களில் உருவானது. மூன்று வரிகளும் அந்த வாங்கலுக்கான மூன்று வெவ்வேறு வரம்புகள். எஸ்எச்எம்மேக்ஸ், ஒரே துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது. எஸ்எச்எம்ஆல், எல்லாத் துண்டுகளும் சேர்ந்து எவ்வளவு என்பது. எஸ்எச்எம்எம்என்ஐ, எத்தனை துண்டுகள் என்பது.

குழப்பம் அலகில் இருக்கிறது. எஸ்எச்எம்மேக்ஸ் பைட்டில் எழுதப்படுகிறது. எஸ்எச்எம்ஆல் பேஜ் கணக்கில் எழுதப்படுகிறது. இன்டெல் வகைச் சர்வர்களில் ஒரு பேஜ் 4096 பைட். எனவே 536870912 என்பது 512 எம்பி. அதைவிடச் சிறிதாகத் தெரியும் 2097152 என்பது 8 ஜிபி. தாளைப் பார்த்தவுடன் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கும் இரண்டு எண்களும் ஒரே அலகு என்றுதான் கண் எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் பெருக்கிக் காட்டாமல் கடப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

64 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் எஸ்ஜிஏவுக்கு 24 ஜிபி ஒதுக்கி, தாளில் உள்ளபடி எஸ்எச்எம்ஆலை 2097152 என்று வைத்தால் என்ன நடக்கும்? டேட்டாபேஸ் கிளம்பாது. ஓஆர்ஏ-27102, நினைவகம் போதவில்லை என்று வரும். அதன் கீழே லினக்ஸின் 28ஆம் பிழை, சாதனத்தில் இடமில்லை என்று சொல்லும். இந்த இரண்டாவது வரியைப் படித்தவர் உடனே டிஎஃப் கட்டளையை அடித்து டிஸ்கைப் பார்ப்பார். டிஸ்கில் இடம் தாராளமாக இருக்கும். ஃப்ரீ கட்டளை அடிப்பார். நினைவகமும் தாராளமாக இருக்கும். இரண்டும் இருக்கும்போது இரண்டும் இல்லை என்று இயந்திரம் சொல்வதன் காரணம், கெர்னலில் பகிர்வு நினைவகத்தின் மொத்த வரம்பு தாண்டினாலும் அதே 28ஆம் எண்ணைத்தான் திருப்பிக் கொடுக்கும் என்பது. 24 ஜிபிக்கு எஸ்எச்எம்ஆல் குறைந்தது 6291456 பேஜ் இருக்க வேண்டும். கொஞ்சம் கூட்டியே வைக்கலாம்.

எஸ்எச்எம்மேக்ஸ் குறைவாக இருந்தால் இவ்வளவு கோபம் வராது. ஆரக்கிள் எஸ்ஜிஏவைப் பல துண்டாக்கி வாங்கிக்கொண்டு ஓடும். கையேடும் 512 எம்பியைக் குறைந்தபட்சமாகத்தான் சொல்கிறது. பரிந்துரையாக நினைவகத்தில் பாதியைச் சொல்கிறது. 16 ஜிபி சர்வரென்றால் 8589934592. தாளில் குறைந்தபட்சம் மட்டும் தங்கிவிட்டது.

எஸ்எச்எம்மேக்ஸுக்கு லினக்ஸின் இயல்பு மதிப்பு 3.16க்கு முந்தைய கெர்னல்களில் வெறும் 32 எம்பி. அந்தக் காலத்தில் இந்த வரியை எழுதாமல் எந்தப் பெரிய டேட்டாபேஸும் ஓட முடியாது. போஸ்ட்கிரெஸ் நிறுவுகிறவர்களும் இதைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்கள். 2013இல் வந்த 9.3 பதிப்பில் போஸ்ட்கிரெஸ் பகிர்வு நினைவகத்தை எம்மேப் வழியில் எடுக்கத் தொடங்கியபின் அவர்களுக்கு அந்தத் தொல்லை போயிற்று. 2014இல் 3.16 கெர்னல் வந்தபோது லினக்ஸே எஸ்எச்எம்மேக்ஸையும் எஸ்எச்எம்ஆலையும் நடைமுறையில் வரம்பில்லாத அளவுக்கு உயர்த்திவிட்டது. ரெட் ஹேட் 8இல் இருப்பது 4.18 கெர்னல். அதில் தாளின் இந்த இரண்டு வரிகளையும் ஒட்டுகிறவர், வரம்பே இல்லாத இடத்தில் 8 ஜிபி என்று வரப்பு கட்டிவிடுகிறார். பழைய சர்வரில் டேட்டாபேஸைக் கிளப்பிய அதே வரி புதிய சர்வரில் அதை நிறுத்துகிறது.

மூலம்: கெர்னல்.செம் = 250 32000 100 128

உரை: ஒரே வரியில் நான்கு எண்கள் இருப்பதால் இதை மனப்பாடம் செய்பவர்கள்தான் அதிகம். புரிந்துகொண்டால் மனப்பாடம் தேவைப்படாது. ஆரக்கிளின் ஒரு புராசஸ் இன்னொன்றின் வேலை முடியட்டும் என்று காத்திருக்கும்போது செமஃபோர் ஒன்றின்மீது உறங்குகிறது. வேலை முடித்தது வந்து எழுப்பும். செமஃபோர்கள் தொகுதி தொகுதியாக வரும். முதல் எண், ஒரு தொகுதிக்குள் எத்தனை. கடைசி எண், எத்தனை தொகுதிகள். இரண்டாவது எண், இயந்திரம் முழுவதும் மொத்தம் எத்தனை. 250ஐ 128ஆல் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 32000. மூன்றாவது எண்ணான 100, ஒரே அழைப்பில் எத்தனை செமஃபோர்களின்மீது வேலை செய்யலாம் என்பது. பழைய லினக்ஸின் இயல்பு மதிப்பு 250 32000 32 128. ஆக இந்த வரி மாற்றியது ஒரே ஒரு எண்ணை: 32 என்பதை 100 ஆக்கியது. மற்ற மூன்றும் ஏற்கெனவே இருந்ததை மறுபடி எழுதியவை.

3.19 கெர்னலிலிருந்து இயல்பு மதிப்பு 32000 1024000000 500 32000. இந்த வரியை இப்போது ஒட்டினால் நான்கு எண்களும் கீழே இறங்கும். தொகுதிகள் 32000லிருந்து 128 ஆகும். பல டேட்டாபேஸ்கள் ஓடும் சர்வரில், அதிலும் நடுவில் செத்துப்போன இன்ஸ்டன்ஸ் விட்டுச்சென்ற தொகுதிகள் கிடக்கும் சர்வரில், 128 தீர்ந்துபோகக்கூடிய எண்தான். தீர்ந்தால் ஓஆர்ஏ-27154 வரும், அதோடு மறுபடியும் அதே 28, அதே ‘இடமில்லை’. அனாதையாகக் கிடக்கும் தொகுதிகளை ஐபிசிஎஸ் கட்டளை காட்டும், ஐபிசிஆர்எம் நீக்கும். நீக்குவதற்கு முன் அது உயிரோடிருக்கும் டேட்டாபேஸுக்குச் சொந்தமானதல்ல என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் செமஃபோரைப் பிடுங்கினால் அது அந்த நொடியிலேயே விழும்.

மூலம்: நெட்.ஐபிவி4.ஐபி_லோக்கல்_போர்ட்_ரேஞ்ச் = 9000 65500

உரை: சர்வர் தானே வெளியே இணைப்பு எடுக்கும்போது தன் பக்கத்துக்கு ஒரு தற்காலிக போர்ட் எண் தேவை. அதை எந்த வீச்சிலிருந்து எடுக்கலாம் என்பது இந்த வரி. இயல்பாக 32768 முதல் 60999 வரை. ஆரக்கிள் அதை 9000இலிருந்து தொடங்கச் சொல்கிறது. இணைப்புகள் மிகுந்த சர்வரில் போர்ட் தீர்ந்துவிடக் கூடாது என்ற கவலை. ஆரக்கிள் மட்டும் ஓடும் சர்வருக்கு இது நல்லது. ஆனால் அதே இயந்திரத்தில் 9092இல் காஃப்காவோ 9200இல் எலாஸ்டிக்சர்ச்சோ ஓட வேண்டியிருந்தால், அவை எழுவதற்குள் ஏதாவது ஒரு வெளியிணைப்பு அந்த எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது. காரணம் தெரியாமல் திண்டாடுவார்கள். ஐபி_லோக்கல்_ரிசர்வ்டு_போர்ட்ஸ் என்ற தனி வரியில் அந்த எண்களை ஒதுக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது.

மூலம்: நெட்.கோர்.ஆர்மெம்_டிஃபால்ட் = 262144
நெட்.கோர்.ஆர்மெம்_மேக்ஸ் = 4194304
நெட்.கோர்.டபிள்யூமெம்_டிஃபால்ட் = 262144
நெட்.கோர்.டபிள்யூமெம்_மேக்ஸ் = 1048576

உரை: வலையில் வரும் தரவும் போகும் தரவும் தங்கும் இடங்களின் அளவு. பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸாக ஓடும் ஆர்ஏசி அமைப்பில் இது முக்கியம். ஒற்றைச் சர்வருக்கு இதில் பேச அதிகமில்லை.

இந்தப் பதினோரு வரிகளையும் சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுதியபின் சிஸ்கன்ட்ரோல் கட்டளையைப் ‘பி’ விருப்பத்தோடு அடிக்கச் சொல்கிறது தாள். அது ஈடிசி அடைவில் உள்ள ஒற்றைக் கோப்பை மட்டும் படிக்கும். இப்போதைய வழக்கம் சிஸ்கன்ட்ரோல்.டி அடைவுக்குள் தனிக்கோப்பாக வைப்பது. ஆரக்கிளின் புதிய கையேடுகள் 97 என்று தொடங்கும் பெயர் வைக்கச் சொல்கின்றன. அங்கே வைத்ததைப் படிக்க ‘சிஸ்டம்’ விருப்பம் வேண்டும். கோப்பைத் திருத்திவிட்டு மதிப்பு மாறவில்லையே என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

மூலம்: ஆரக்கிள் சாஃப்ட் என்பிராக் 2047
ஆரக்கிள் ஹார்டு என்பிராக் 16384
ஆரக்கிள் சாஃப்ட் நோஃபைல் 1024
ஆரக்கிள் ஹார்டு நோஃபைல் 65536

உரை: இங்கிருந்து பேச்சு இயந்திரத்தைப் பற்றியதல்ல, பயனரைப் பற்றியது. லிமிட்ஸ் கோப்பில் எழுதப்படும் இந்த நான்கு வரிகளின் முதல் சொல் ஆரக்கிள் என்ற லினக்ஸ் பயனரின் பெயர். சாஃப்ட் என்பது உள்ளே நுழைந்தவுடன் கையில் கிடைக்கும் அளவு. ஹார்டு என்பது அந்தப் பயனர் யூலிமிட் கட்டளையால் தானே உயர்த்திக்கொள்ளக்கூடிய உச்சி. நோஃபைல், ஒரு புராசஸ் திறக்கக்கூடிய ஃபைல்கள். என்பிராக், அந்தப் பயனரின் புராசஸ்கள். லினக்ஸ் இதில் த்ரெட்களையும் சேர்த்து எண்ணுகிறது, எனவே 2047 என்பது நினைப்பதைவிட விரைவில் நிறையும். நிறைந்தால் ஆரக்கிள் பயனராக உள்ளே போகவே முடியாமல் போகும்.

இந்த வரிகளை எழுதினாலும் அவற்றைப் படித்து அமல்படுத்த யாராவது வேண்டும். கெர்னல் இந்தக் கோப்பைப் படிப்பதில்லை. படிப்பது லாகின் நேரத்தில் வரும் ஒரு மாட்யூல். அதுதான் கடைசி வரி.

மூலம்: செஷன் ரெக்வயர்டு பேம்_லிமிட்ஸ்.எஸ்ஓ

உரை: பேம் என்ற அமைப்பை சன் நிறுவனத்தில் விபின் சமரும் ரோலண்ட் ஸ்கெமர்ஸும் வடிவமைத்து 1995இல் முன்வைத்தார்கள். விபின் சமர் பின்னாளில் ஆரக்கிளிலேயே டேட்டாபேஸ் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றார். பேமுக்கு முன் லாகின், எஃப்டிபி, எஸ்யூ என்று ஒவ்வொரு நிரலும் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. முறை மாறினால் எல்லா நிரலையும் மாற்ற வேண்டும். பேம் அந்த வேலையைத் தனி மாட்யூல்களுக்குக் கொடுத்து, எந்த நிரலுக்கு எந்த மாட்யூல் என்பதைச் சாதாரணக் கோப்பில் எழுதவைத்தது. அடுத்த ஆண்டே ரெட் ஹேட் லினக்ஸுக்கு வந்துவிட்டது.

நான்கு வேலைகளாக அது பிரிக்கிறது. ஆத், வந்தவர் யாரென்று சரிபார்ப்பது. அக்கவுன்ட், அவருக்கு இப்போது அனுமதி உண்டா என்பது. பாஸ்வேர்டு, அதை மாற்றுவது. செஷன், உள்ளே விட்டபின் அவருக்கு அமைத்துத் தருவது. நம் வரி நான்காவது வகை. ஆள் யாரென்று அது கேட்பதில்லை. வந்துவிட்டவருக்கு லிமிட்ஸ் கோப்பில் உள்ளதை மாட்டிவிடுகிறது. ஆனால் நடுவில் ‘ரெக்வயர்டு’ என்று இருக்கிறது. இந்தப் படி தோற்றால் மற்ற படிகள் எல்லாம் வென்றாலும் முடிவு தோல்விதான். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஆளை வெளியே தள்ளிவிடும் அதிகாரம் இந்த வரிக்கு இருக்கிறது.

பழைய தாள்களில் இந்த வரி மாட்யூலின் முழுப்பாதையோடு இருக்கும்: லிப் அடைவுக்குள் செக்யூரிட்டி, அதற்குள் பேம்_லிமிட்ஸ்.எஸ்ஓ. அது 32 பிட் காலத்துப் பாதை. 64 பிட் ரெட் ஹேட்டில் மாட்யூல்கள் லிப்64 அடைவில் இருக்கின்றன. பழைய பாதையை அப்படியே எழுதினால் மாட்யூலை ஏற்ற முடியாது. ஏற்ற முடியாதது தோல்வியாகக் கணக்காகும். கன்சோலில் ரூட் உட்பட எவரும் நுழைய முடியாது. சரியான பாஸ்வேர்டை அடித்தபின் மாட்யூல் தெரியவில்லை என்று சொல்லி மறுபடி லாகின் திரைக்கே திருப்பிவிடும். திருத்தப்பட்டது இந்த வரி எழுதப்படும் லாகின் கோப்பு மட்டும் என்பதால் எஸ்எஸ்எச் வழி இன்னும் திறந்திருக்கும்; அதற்குத் தனிக்கோப்பு உண்டு. அந்த வழியாகப் போய்ச் சரிசெய்யலாம். அதுவும் அடைபட்டிருந்தால் இயந்திரத்தை மறுபடி பூட் செய்து, க்ரப் திரையில் கெர்னல் வரியின் கடைசியில் இனிட் என்பதற்கு பேஷ் என்று கொடுத்துப் போக வேண்டும். அங்கே பேம் குறுக்கே வராது. ரூட் பகுதியை எழுதும்படி மறுபடி மவுன்ட் செய்து பாதையை நீக்கிவிடலாம். பாதையே தேவையில்லை, மாட்யூலின் பெயர் மட்டும் எழுதினால் பேம் சரியான இடத்தைத் தானே தேடும்.

லிமிட்ஸ் கோப்பில் செய்யும் பிழையும் இதே வரி வழியாகக் கதவை அடைக்கும். நோஃபைலுக்கு வரம்பில்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு புராசஸுக்குக் கெர்னல் தரும் உச்சி என்ஆர்_ஓபன் என்ற வேறொரு பாராமீட்டரில் இருக்கிறது. பல சர்வர்களில் அது 1048576. அதற்கு மேல் கேட்டால் ரூட்டுக்கும் கெர்னல் மறுக்கும். மாட்யூல் தோற்கும், ரெக்வயர்டு தோற்கும், எஸ்எஸ்எச்சும் சூடோவும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பேம் தொடர்பான எந்தக் கோப்பைத் தொட்டாலும் இன்னொரு ஜன்னலில் ரூட் செஷன் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். மூன்றாவது ஜன்னலில் புதிதாக லாகின் செய்து பார்த்தபின் மூடுங்கள். வகுப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் இயந்திரம்தான் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு இந்தப் பூட்டலை மாணவரைக்கொண்டே செய்யவைத்து, அவரையே திறக்கவும் வைக்கலாம். வேலையில் முதல் தடவை இப்படிப் பூட்டிக்கொள்கிறவருக்கு எதிரே புரொடக்‌ஷன் சர்வர் இருக்கும்; பதற்றத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

ரெட் ஹேட் குடும்பத்தில் இந்த வரி பல ஆண்டுகளாகவே தேவையற்றது. சிஸ்டம்-ஆத் என்ற பொதுக்கோப்பில் அதே மாட்யூல் ஏற்கெனவே இருக்கிறது; லாகின் கோப்பு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆரக்கிள் லினக்ஸில் 19சிக்கான ப்ரீஇன்ஸ்டால் பேக்கேஜை நிறுவினால் கெர்னல் வரிகளையும் லிமிட்ஸ் வரிகளையும் அதுவே தனித்தனிக் கோப்புகளில் எழுதிவிடும்.

தாள் அறியாத ஒன்றும் உண்டு. சர்வர் பூட் ஆகும்போது சிஸ்டம்டி ஒரு சர்வீஸாக டேட்டாபேஸைக் கிளப்பினால் அங்கே லாகின் நடப்பதில்லை. அதனால் லிமிட்ஸ் கோப்பை எவரும் படிப்பதில்லை. டிபிஏ கையால் கிளப்பினால் ஹார்டு உச்சி 65536 ஃபைல், நள்ளிரவு ரீபூட்டுக்குப் பின் தானாகக் கிளம்பினால் வேறு ஏதோ ஓர் எண். இதற்கு சர்வீஸின் யூனிட் கோப்பிலேயே லிமிட்நோஃபைல், லிமிட்என்பிராக் என்று எழுத வேண்டும். எழுதியது ஏறியதா என்பதை யூலிமிட் அடித்துப் பார்த்தால் தெரியாது. அது உங்கள் ஷெல்லின் வரம்பைத்தான் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் பிமான் என்ற புராசஸின் எண்ணைப் பிஎஸ் கட்டளையில் எடுத்து, ப்ராக் அடைவில் அந்த எண்ணுக்குள் இருக்கும் லிமிட்ஸ் கோப்பைத் திறந்தால், டேட்டாபேஸின் கையில் உண்மையில் உள்ள சாஃப்டும் ஹார்டும் வரிசையாகத் தெரியும்.